செக்கர்ஸ் ஆடக் கற்றுக்கொள்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் இருக்கும் செஸ் பலகையிலேயே செக்கர்ஸும் ஆடலாம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் பலர் இதன் உயிரான விதியை விட்டுவிட்டு ஆடுகிறார்கள். வெட்ட முடிந்தால் வெட்டியே ஆக வேண்டும் என்பதுதான் அந்த விதி. எங்கள் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் குழந்தைகளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே குழந்தைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோர்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

செக்கர்ஸ் என்றால் நட்சத்திரப் பலகையில் கோலிக்குண்டு வைத்து ஆடுவதுதானே?

இல்லை. அது சைனீஸ் செக்கர்ஸ். அதற்கும் சீனாவுக்கும் தொடர்பில்லை, செக்கர்ஸுக்கும் தொடர்பில்லை. 1892-இல் ஜெர்மனியில் 'ஸ்டெர்ன்ஹால்மா' என்ற பெயரில் வந்த ஆட்டம் அது. பிறகு அமெரிக்காவில் விற்பனைக்காக வைத்த பெயர்தான் சைனீஸ் செக்கர்ஸ். அதில் குண்டுகள் ஒன்றையொன்று தாண்டிப் போகும், ஆனால் தாண்டப்பட்ட குண்டு பலகையிலேயே இருக்கும். இங்கே நாம் பேசும் செக்கர்ஸில் தாண்டப்பட்ட காய் பலகையை விட்டே போய்விடும்.

டிராஃப்ட்ஸ், டாம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை வேறு ஆட்டங்களா?

அமெரிக்காவில் செக்கர்ஸ் என்பதை இங்கிலாந்தில் டிராஃப்ட்ஸ் என்கிறார்கள். 8-க்கு 8 பலகையில் இரண்டும் ஒரே ஆட்டம்தான். மலேசியாவில் 'டாம்' என்பார்கள். அங்கே 12-க்கு 12 பலகையில் ஆளுக்கு 30 காய்களோடு ஆடும் வகை பிரபலம். 10-க்கு 10 பலகையில் ஆளுக்கு 20 காய்களோடு ஆடுவது சர்வதேச டிராஃப்ட்ஸ். ரஷ்யாவுக்கு ஒரு வகை, துருக்கிக்கு ஒரு வகை என்று இந்தக் குடும்பம் பெரியது. புதிதாகக் கற்பவர்களுக்கு 8-க்கு 8 தான் சுலபம். கீழே சொல்லியிருக்கும் விதிகள் எல்லாம் அதற்கானவை.

இதற்கென்று தனிப் பலகையும் காயும் வாங்க வேண்டுமா?

பலகை வேண்டாம், செஸ் பலகை போதும். காய்கள் ஆளுக்கு 12 வேண்டும். முதலில் எல்லோருக்கும் கேரம் காய்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஒரு கேரம் பெட்டியில் கறுப்பு 9, வெள்ளை 9 தான் இருக்கும். இரு பக்கமும் மூன்று மூன்று குறையும்.

நான் பரிந்துரைப்பது, தாயம் ஆடும் வீடுகளில் எப்போதும் இருக்கும் சாமான்களைத்தான். ஒருவருக்கு 12 சோழி. இன்னொருவருக்கு ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்கிய 12 புளியங்கொட்டை. சோழி கவிழ்ந்திருந்தால் சாதாரணக் காய், வாய் மேலே பார்க்க மல்லாந்திருந்தால் ராஜா. புளியங்கொட்டையில் கறுப்புப் பக்கம் மேலே இருந்தால் சாதாரணக் காய், வெள்ளைப் பக்கம் மேலே வந்தால் ராஜா. கடையில் வாங்கும் காய்களில் ஒன்றன் மேல் ஒன்றை அடுக்கித்தான் ராஜாவைக் காட்ட வேண்டும், கை பட்டால் சரிந்துவிடும். சோழியில் அந்தத் தொல்லை இல்லை.

பலகையை எப்படி வைப்பது, காய்களை எங்கே அடுக்குவது?

உங்கள் இடது கை ஓரத்து மூலைக் கட்டம் கறுப்பாக இருக்க வேண்டும். எதிரே இருப்பவருக்கும் அவருடைய இடது மூலை கறுப்பாகவே வரும். ஆட்டம் முழுவதும் கறுப்புக் கட்டங்களில் மட்டும்தான் நடக்கும். வெள்ளைக் கட்டத்தில் காய் வைக்கவே கூடாது. ஆளுக்குத் தங்கள் பக்கத்து மூன்று வரிசைகளில் இருக்கும் 12 கறுப்புக் கட்டங்களில் காய்களை வையுங்கள். நடுவில் இரண்டு வரிசை காலியாக இருக்கும்.

யார் முதலில் ஆடுவது, காய் எப்படி நகரும்?

செஸ்ஸுக்கு நேர்மாறாக, இங்கே கறுப்பு முதலில் (நம் சாமான்களில் புளியங்கொட்டைதான் கறுப்பு, சோழி வெள்ளை). காய் முன்பக்கமாக, குறுக்கே ஒரு கட்டம் மட்டும் நகரும். நேராகவோ பின்னாலோ வராது. ஆளுக்கு ஒரு முறை, மாறி மாறி.

ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும். பின்னால் வர முடியாது என்பதால், முன்னே தள்ளிய காயைத் திரும்பக் கூப்பிட வழியில்லை. பரபரவென்று நகர்த்துகிற குழந்தைகள் இந்த ஆட்டத்தில் மெல்ல நிதானத்துக்கு வருவதை நானே பார்த்திருக்கிறேன்.

வெட்டுவது எப்படி?

உங்கள் காய்க்கு முன்னால் குறுக்கே அடுத்த கட்டத்தில் எதிராளியின் காய் இருக்கிறது, அதற்கும் அந்தப் பக்கம் அதே கோட்டில் கட்டம் காலி என்றால், அதைத் தாண்டிக் குதித்துக் காலிக் கட்டத்தில் உட்காருங்கள். தாண்டிய காயைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆடு புலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தாண்டுகிறதே, அதேதான். அங்கே புலி மட்டும் தாண்டும். இங்கே எல்லாக் காயும் புலி, எல்லாக் காயும் ஆடு.

குதித்து உட்கார்ந்த இடத்திலிருந்து இன்னொன்றை வெட்ட முடிந்தால், உங்கள் முறை முடிவதற்குள்ளேயே அதையும் வெட்ட வேண்டும். இரண்டாவது குதி வேறு திசையில் இருக்கலாம், ஆனால் சாதாரணக் காய்க்கு அதுவும் முன்பக்கமாகத்தான் இருக்க வேண்டும்.

வெட்ட எனக்கு விருப்பமில்லை. விட்டுவிட்டு வேறு காயை நகர்த்தலாமா?

கூடாது. வெட்ட வழி இருந்தால் வெட்டியே ஆக வேண்டும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்த முதல் வாரம், என் காய் ஒன்றை அவளுடைய காய்க்கு முன்னால் சும்மா கொண்டுபோய் வைத்தேன். அவள் அந்தக் காயையே பார்த்தாள். பிறகு அதற்குப் பின்னால் காத்திருந்த என் இன்னொரு காயைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாமா, இதை நான் வெட்ட மாட்டேன். வெட்டினா நீங்க ரெண்டு எடுத்துடுவீங்க."

"தெரிஞ்சாலும் வெட்டித்தான் ஆகணும், கண்ணு."

"அப்போ இது என்ன நியாயம்?"

அவள் கேட்டது சரியான கேள்வி. வெட்டுவது நம் விருப்பம் என்றால், எல்லோரும் ஜாக்கிரதையாகக் காய்களை ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பார்கள், ஆட்டம் நகராது. வெட்டுவது கட்டாயம் என்றதும் எல்லாம் மாறிவிடுகிறது. நான் ஒரு காயைக் கொடுத்தால், உங்கள் காய் நான் சொல்லும் இடத்துக்கு வந்தே தீரும். அதாவது உங்கள் அடுத்த நகர்வை நான் தீர்மானிக்கிறேன். செக்கர்ஸில் திறமை என்பது எதிராளியின் காய்களைப் பிடுங்குவதில் இல்லை. எந்தக் காயை, எப்போது, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில்தான் இருக்கிறது. கட்டாயத்தை எடுத்துவிட்டு ஆடுகிறவர்கள் காய் நகர்த்துகிறார்களே ஒழிய, செக்கர்ஸ் ஆடுவதில்லை என்பேன்.

இரண்டு பக்கம் வெட்ட முடிகிறது. அதிகக் காய் கிடைக்கும் பக்கம்தான் போக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு பக்கம் ஒரு காய், இன்னொரு பக்கம் மூன்று காய் கிடைத்தாலும், எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். சர்வதேச டிராஃப்ட்ஸ் போன்ற வகைகளில்தான் அதிகக் காய் கிடைக்கும் வழியிலேயே போக வேண்டும் என்ற விதி. இங்கே ஒரே நிபந்தனை, ஒரு வழியில் இறங்கிவிட்டால் அந்த வழியில் வெட்ட முடிந்தவரை வெட்டி முடிக்க வேண்டும். பாதியில் நின்றுவிட முடியாது.

எதிராளி வெட்டாமல் விட்டுவிட்டார். என்ன செய்வது?

பழைய காலத்தில் இதற்கு ஒரு தண்டனை இருந்தது. வெட்டாமல் விட்ட காயை எதிராளி எடுத்து வெளியே போட்டுவிடுவார். போட்டிகளில் அந்த விதியை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். இப்போது, தவறான நகர்வைத் திரும்ப எடுக்கச் சொல்லி, சரியாக வெட்டச் சொல்வதுதான் முறை. மலேசிய, சிங்கப்பூர் வகையில் பழைய தண்டனை இன்னும் இருக்கிறது. வீட்டில் ஆடும்போது நீங்களே "பாப்பா, அங்கே ஒரு வெட்டு இருக்கு" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் விதி பழகாது.

ராஜா எப்போது கிடைக்கும்? அதற்கு என்ன சக்தி?

உங்கள் காய் எதிராளியின் கடைசி வரிசையைத் தொட்டதும் ராஜா ஆகிவிடும். ராஜா முன்னாலும் போகும், பின்னாலும் வரும், இரண்டு பக்கமும் வெட்டும். ஆனால் ஒரு முறைக்கு ஒரு கட்டம்தான். செஸ்ஸில் பிஷப் போல நீளமாக ஓடாது. நீளமாக ஓடும் ராஜா ரஷ்ய வகை, சர்வதேச வகை போன்றவற்றில்தான் உண்டு.

சாதாரணக் காய் ராஜாவை வெட்டலாமா என்று எல்லா வாரமும் ஒரு குழந்தை கேட்கும். தாராளமாக வெட்டலாம்.

வெட்டிக்கொண்டே போய்க் கடைசி வரிசையைத் தொட்டுவிட்டேன். அங்கிருந்து பின்னால் இன்னொன்றையும் வெட்டலாமா?

கூடாது. ராஜா ஆனதும் அந்த முறை முடிந்தது. அடுத்த முறையிலிருந்துதான் ராஜாவுக்குரிய உரிமை.

எப்படி ஜெயிப்பது?

எதிராளியின் காய்களை எல்லாம் வெட்டிவிட்டால் ஜெயம். அவருக்குக் காய்கள் மிச்சம் இருந்தும் எதையும் நகர்த்த முடியாதபடி அடைத்துவிட்டாலும் ஜெயம்தான். இரண்டாவது வழியை ஆரம்பத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆடுகள் மூன்று புலிகளை அடைத்து ஜெயிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். செஸ்ஸில் நகர்த்த வழியில்லாமல் போனால் டிரா ஆவதுண்டு, இங்கே அது தோல்வி.

டிரா எப்போது?

இருவரும் ஒப்புக்கொண்டால் டிரா. ஒரே நிலை மூன்றாம் முறை வந்தால் டிரா கேட்கலாம். ஆளுக்கு 40 நகர்வுகள் வெட்டும் இல்லாமல், சாதாரணக் காய் எதுவும் முன்னேறாமல் போனாலும் டிராதான்.

கட்டங்களுக்கு எண் உண்டு என்கிறார்களே, அது எப்படி?

உண்டு. தெரிந்துகொண்டால் ஆட்டத்தை எழுதிவைக்கலாம், இங்கே அடுத்து வரும் பதில்களும் புரியும். வெள்ளைக் காய் ஆடுபவர் பலகையின் கீழ்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கறுப்பின் கடைசி வரிசையில் தொடங்கி, இடமிருந்து வலமாகக் கறுப்புக் கட்டங்களை மட்டும் எண்ணுங்கள். முதல் வரிசையில் 1 முதல் 4, அடுத்ததில் 5 முதல் 8, இப்படியே இறங்கி வந்தால் வெள்ளையின் கடைசி வரிசையில் 29 முதல் 32 வரும். மேல் வரிசையில் இடது மூலை வெள்ளைக் கட்டம் என்பதால் 1 இரண்டாவது இடத்தில் இருக்கும். 5 இடது ஓரத்தில் இருக்கும். 29 கீழ் இடது மூலை. பென்சிலால் கட்டத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதிவிடுங்கள், ஒரு வாரத்தில் மனப்பாடம் ஆகிவிடும்.

இப்போது கறுப்பு 1 முதல் 12 வரை, வெள்ளை 21 முதல் 32 வரை. ஓர் ஆட்டத்தைத் தொடங்கிப் பாருங்கள். கறுப்பு 11-லிருந்து 15-க்கு. நெடுங்காலமாக மிகவும் விரும்பி ஆடப்படும் தொடக்கம் இது. வெள்ளை 22-லிருந்து 18-க்கு. கறுப்பின் 15-க்கு முன்னால் 18, அதற்குப் பின்னால் 22 காலி, வெட்டித்தான் ஆக வேண்டும். வெட்டிவிட்டு 22-இல் உட்காரும். உடனே வெள்ளையின் 25 அதைத் தாண்டி 18-க்கு வரும். ஆளுக்கு ஒரு காய் போயிற்று, கணக்குச் சரி. இதைப் பரிமாற்றம் என்கிறோம். இரண்டாவது நகர்விலேயே கட்டாய விதி வேலை செய்வதைக் கவனித்தீர்களா?

ஒன்று கொடுத்து இரண்டு வாங்குவதை ஒரு முறை காட்டுங்களேன்.

பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். வெள்ளைக்கு நான்கு காய்கள்: 22, 26, 30, 31. கறுப்புக்கும் நான்கு: 1, 3, 14, 15. எல்லாமே சாதாரணக் காய்கள். வெள்ளை ஆட வேண்டும்.

வெள்ளை 22-ஐ 18-க்குத் தள்ளுகிறது. கறுப்பின் 14, 15 இரண்டுக்கும் நடுவில் வலியப் போய் நிற்கிறது. பார்க்கப் பைத்தியக்காரத்தனம்தான்.

கறுப்புக்கு இரண்டு வழி. 15 வெட்டினால் 22-இல் வந்து இறங்கும். வெள்ளையின் 26 அதைத் தாண்டி 17-க்குப் போய், அங்கிருந்து 14-ஐயும் தாண்டி 10-இல் உட்காரும். சரி, 14 வெட்டட்டும் என்றால், அது 23-இல் இறங்கும். அதே 26 இப்போது வலப்பக்கமாகத் தாண்டி 19-க்குப் போய், அங்கிருந்து 15-ஐத் தாண்டி அதே 10-இல் உட்காரும். எந்தப் பக்கம் போனாலும் இரண்டு காய் போச்சு. நான்குக்கு நான்கு என்று இருந்தது இப்போது மூன்றுக்கு இரண்டு.

இதில் 30, 31 இரண்டும் என்ன செய்கின்றன என்று கேளுங்கள், அங்கேதான் ரகசியம் இருக்கிறது. 31-ஐ எடுத்துவிட்டு மறுபடி ஆடிப் பாருங்கள். கறுப்பின் 15 வெட்டி 22-க்கு வந்ததும் நிற்காது. 26-ஐயும் தாண்டிக் காலியாக இருக்கும் 31-இல் இறங்கி ராஜாவாகிவிடும். இரண்டு வாங்கப் போனவர் இரண்டு கொடுத்துவிட்டு நிற்பார். 30 இல்லாவிட்டால் அதே விபத்து மறுபக்கம் நடக்கும். கொடுப்பதற்கு முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எதிராளியின் காய் எங்கே இறங்கும், அங்கிருந்து அது மேலும் குதிக்க முடியுமா, இறங்கிய பிறகு என் எந்தக் காய் அதைத் தாண்டும். குழந்தைகளிடம் இதை "இறங்கும் இடம், அடுத்த குதி, என் குதி" என்று வாய்விட்டுச் சொல்ல வைப்பேன்.

கடைசி வரிசைக் காய்களை நகர்த்தலாமா, அப்படியே விட வேண்டுமா?

எல்லாவற்றையும் கட்டிப்போட்டால் மற்ற எட்டுக் காய்களோடு சண்டை போட வேண்டியிருக்கும், அது கஷ்டம். எல்லாவற்றையும் கிளப்பினால் வாசல் திறந்துகிடக்கும். இரண்டை மட்டும் வைத்துக் காவல் காப்பது நெடுநாள் வழக்கம். வெள்ளைக்கு 30-உம் 32-உம், கறுப்புக்கு 1-உம் 3-உம்.

ஏன் இந்த இரண்டு? வெள்ளையின் பக்கம் பாருங்கள். உள்ளே வர கறுப்புக்குக் காலியாக இருப்பவை 29-உம் 31-உம். 29-க்கு வர 25-இல் கால் வைக்க வேண்டும். வைத்தால் 30 அதைத் தாண்டி 21-க்குப் போய்விடும். 31-க்கு வர 26-இலோ 27-இலோ நிற்க வேண்டும். 26-இல் நின்றால் 30 தாண்டும், 27-இல் நின்றால் 32 தாண்டும், இரண்டும் 23-இல் இறங்கும். இறங்கும் கட்டங்கள் காலியாக இருக்கும்வரை, தனியாக வரும் எந்தக் காயும் இந்தக் காவலைத் தாண்டி ராஜா ஆக முடியாது. 29, 31 இரண்டும் சண்டைக்குப் போகலாம்.

நடுவில் வைப்பது நல்லதா, ஓரத்தில் வைப்பது நல்லதா?

ஓரத்துக் காயை யாரும் வெட்ட முடியாது, அதனால் புதியவர்கள் எல்லாம் ஓரத்துக்கே ஓடுவார்கள். ஆனால் ஓரத்துக் காய்க்குப் போக ஒரே வழிதான், நடுக் காய்க்கு இரண்டு. பாதுகாப்பைத் தேடி எல்லாவற்றையும் ஓரத்தில் ஒதுக்கியவர் கொஞ்ச நேரத்தில் நகர்த்த எதுவும் இல்லாமல் தானாகவே ஒரு காயைக் கொடுக்க வேண்டி வரும். நடுவைப் பிடியுங்கள், ஆனால் தனியாக நிற்காதீர்கள். காய்க்குப் பின்னால் இன்னொரு காய் ஒட்டி நின்றால் அந்தக் கோட்டில் வெட்ட முடியாது.

கடைசியில் சில காய்களே மிச்சம் இருக்கும்போது எனக்கு ஒன்றும் புரிவதில்லை.

எல்லோரும் தடுமாறும் இடம் இது. சின்ன உதாரணம். கறுப்புக்கு 13-இல் ஒரே காய், வெள்ளைக்கு 21-இல் ஒரே காய், இரண்டும் இடது ஓரத்தில் எதிரெதிரே. இரண்டுக்கும் நடுவில் 17 காலி. இருவருக்குமே 17-ஐத் தவிர வேறு போக்கிடம் இல்லை. யார் முறையோ அவர் 17-இல் கால் வைத்தாக வேண்டும், மற்றவர் வெட்டிவிடுவார். காய்கள் சமம், நிலையும் சமம், ஆனாலும் யார் முறை என்பதே ஜெயத்தைத் தீர்மானிக்கிறது. பெரிய ஆட்டக்காரர்கள் இந்த முறைக் கணக்கை ஆட்டத்தின் நடுவிலிருந்தே மனதில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். பாதகமாக இருந்தால் ஒரு பரிமாற்றம் செய்து அதை மாற்றப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, இரட்டை மூலை. ஒவ்வொருவருக்கும் வலது கைப் பக்கத்து மூலையில் இரண்டு கறுப்புக் கட்டங்கள் ஒட்டி இருக்கும், வெள்ளைக்கு 28-உம் 32-உம், கறுப்புக்கு 1-உம் 5-உம். ஒற்றை ராஜாவோடு தவிக்கிறீர்கள், எதிராளிக்கும் ஒரு ராஜாதான் என்றால், அங்கே போய் இரண்டு கட்டத்துக்கும் மாறி மாறி நகர்ந்துகொண்டே இருங்கள், உங்களைப் பிடிக்க முடியாது. எதிராளிக்கு இரண்டு ராஜாக்கள் இருந்தால் சரியாக ஆடி வெளியே இழுத்துவிடுவார். ஆனால் அது தெரிந்த புதியவர்கள் மிகக் குறைவு, அதனால் சீக்கிரம் கைவிடாதீர்கள்.

மொபைலில் ஆடினால் விதிகள் மாறுகின்றனவே?

செயலிக்குச் செயலி வகை மாறும். ராஜா பலகை முழுக்க ஓடுகிறது, சாதாரணக் காய் பின்னாலும் வெட்டுகிறது என்றால் அது ரஷ்ய வகையாகவோ பிரேசில் வகையாகவோ இருக்கலாம். அமைப்புகளுக்குப் போய் அமெரிக்கன் அல்லது இங்கிலீஷ் வகையைத் தேர்ந்தெடுங்கள். கட்டாய வெட்டை அணைத்துவைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. அதை முதலில் இயக்கிவிடுங்கள்.

எந்த வயதில் ஆரம்பிக்கலாம்? செஸ்ஸுக்கு முன்பா பின்பா?

ஐந்து ஆறு வயதில் ஆரம்பிக்கலாம். என் கருத்தில் செஸ்ஸுக்கு முன்பே சொல்லிக்கொடுப்பது நல்லது. ஆறு விதக் காய்கள், ஆறு விதப் போக்கு என்று நினைவில் வைக்க வேண்டியது இங்கே இல்லை. ஐந்து நிமிடத்தில் விதி புரிந்துவிடும், அப்புறம் யோசிப்பது மட்டும்தான் வேலை.

கணினி இந்த ஆட்டத்தைத் தீர்த்துவிட்டதாமே? பிறகு எதற்கு ஆட வேண்டும்?

உண்மைதான். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜொனாதன் ஷேஃபர் குழுவினர் 1989-இல் 'சினூக்' என்ற நிரலைத் தொடங்கினார்கள். 2007-இல், இரு பக்கமும் தவறே செய்யாமல் ஆடினால் செக்கர்ஸ் டிராவில்தான் முடியும் என்று நிரூபித்தார்கள். இந்த ஆட்டத்தில் வரக்கூடிய நிலைகள் ஏறத்தாழ 5-க்குப் பின்னால் 20 பூஜ்யங்கள். மனிதர் யாரும் அதைத் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. நீங்களும் நானும் ஆடும்போது பத்தாவது நகர்விலேயே யாராவது ஒருவர் தவறு செய்திருப்போம்.

அந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் கணினி இல்லை, மேரியன் டின்ஸ்லி. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆடியவர், அத்தனை ஆண்டுகளில் அவர் தோற்ற ஆட்டங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1990-இல் சினூக்குடன் ஆடிய ஓர் ஆட்டத்தில் அது பத்தாவது நகர்வைச் செய்ததுமே, இதற்காக வருந்துவீர்கள் என்றார். அந்த ஆட்டத்தில் சினூக் தோற்றது. 1992-இல் லண்டனில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் டின்ஸ்லி 4 ஆட்டங்கள் ஜெயித்தார், சினூக் 2 ஜெயித்தது, 33 டிரா. 1994-இல் பாஸ்டனில் மறுபடி மோதியபோது ஆறு டிராக்களுக்குப் பிறகு உடல்நலம் கெட்டு விலகினார். அடுத்த ஆண்டு காலமானார். அவர் நல்ல உடல்நிலையில் இருந்து அந்தப் போட்டி முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

டிரா அதிகமாவதைத் தடுக்கப் போட்டிகளில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் மூன்று நகர்வுகளைச் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். பிடித்த தொடக்கத்தையே திரும்பத் திரும்ப ஆட முடியாது. அமெரிக்காவில் 1934 முதல் இந்த வழக்கம் உண்டு.

குழந்தையிடம் வேண்டுமென்றே தோற்கலாமா?

வேண்டாம். நீங்கள் வெட்டாமல் விட்டுக்கொடுப்பதைக் குழந்தை உடனே கண்டுபிடித்துவிடும். அதோடு, கட்டாய வெட்டு என்ற விதியை நீங்களே மீறியதாகவும் ஆகிவிடும். அதற்குப் பதிலாகக் குறைந்த காய்களோடு தொடங்குங்கள். உங்கள் கடைசி வரிசையிலிருந்து இரண்டு காய்களை எடுத்து வைத்துவிட்டு 10 காய்களோடு ஆடுங்கள். உங்கள் பக்கம் வாசல் திறந்திருக்கும், குழந்தை எப்படியும் ஒரு ராஜாவையாவது எடுத்துவிடும், நீங்களும் முழு மூச்சோடு ஆடலாம். தொடர்ந்து மூன்று ஆட்டம் குழந்தை ஜெயித்தால் ஒரு காயைத் திரும்ப வையுங்கள். என் அக்கா மகளோடு 10-இல் தொடங்கினேன். போன மாதத்திலிருந்து 11 காயோடு ஆடிக்கொண்டிருக்கிறோம், மீதி ஒரு சோழியை அவள்தான் தன் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள்.